பாவ்லோவ்ஸ்க் போலியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

எரிந்த அரண்மனையைத் திரும்பக் கட்டினால் அது போலிதான் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ரஷ்யாவின் பாவ்லோவ்ஸ்க் என்ன ஆவது? 1782-ல் கட்டடக் கலைஞர் சார்லஸ் கேமரன் எழுப்பத் தொடங்கிய இந்தப் புதுச்செவ்வியல் (பழைய கிரேக்க, ரோமானியப் பாணியைத் தழுவிய) அரண்மனை, 1917 புரட்சிக்குப் பின் அருங்காட்சியகமானது. 1941-ல் ஜெர்மன் படை நெருங்கியபோது ஊழியர்கள் நாற்காலிகளையும் ஓவியங்களையும் மூட்டை கட்டி வெளியூர்களுக்கு அனுப்பினார்கள். தூக்க முடியாத பளிங்குச் சிலைகளை அங்கேயே ஆழக் குழி வெட்டிப் புதைத்தார்கள். எதிரி கண்ணில் அவை படவே இல்லை! 1944-ல் ஜெர்மன் படை வெளியேறியபோது மிஞ்சியது கரிந்த சுவர்கள்தான். பழைய வரைபடங்களையும் இடிபாட்டில் பொறுக்கிய பூவேலைத் துண்டுகளையும் வைத்து மீட்டு, 1957-ல் முதல் கூடங்களைத் திறந்தார்கள். முழுதும் முடிய 1978 ஆனது. சரி, சுவர்ப்பூச்சு புதிதுதான். உள்ளே இருக்கும் நாற்காலியும் சிலையும் அசல் அல்லவா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்