மேற்கோள் எண்ணிக்கையோடு ஆய்வின் பொருளையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களில் ஏறத்தாழ ஒரே வாசகத்தில் சில செய்திகள் வெளிவருகின்றன. உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் இன்ன கல்லூரிப் பேராசிரியர் இடம்பெற்றார் என்று தலைப்பு. கீழே கல்லூரி முதல்வர் சால்வை போர்த்தும் படம். அவருடைய கட்டுரைகளைப் பிற ஆய்வாளர்கள் தம் கட்டுரைகளில் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்ற எண்ணிக்கை. அந்தப் பேராசிரியர் எந்த நோயைப் பற்றி ஆராய்ந்தார், என்ன கண்டறிந்தார் என்பதற்கு ஒரு வரியும் இருப்பதில்லை. சால்வைக்கு நான் எதிரியல்லன். மருத்துவக் கல்லூரி நூலகத்தில் எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று காட்டும் மேற்கோள் அட்டவணைகளோடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில், அந்த எண்ணை மட்டும் அச்சிடுவதால் வாசகருக்கு ஏற்படும் குழப்பத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

முதலில் பட்டியலைப் பற்றி. இதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்து வழங்கும் விருது என்பதுபோல் செய்திகள் எழுதப்படுகின்றன. உண்மையில் அது அப்பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் அயோனிடிஸும் அவருடன் பணியாற்றுவோரும், எல்சவியர் பதிப்பு நிறுவனத்தின் ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தைக் கொண்டு கணக்கிட்டு 2019 முதல் வெளியிட்டுவரும் ஒரு புள்ளிவிவரத் தொகுப்பு. மொத்த மேற்கோள்கள், எச் இண்டெக்ஸ் (பத்துக் கட்டுரைகள் தலா பத்து முறையாவது மேற்கோள் பெற்றிருந்தால் பத்து என்று வரும் எண்), தனி ஆசிரியராகவோ முதல் அல்லது இறுதி ஆசிரியராகவோ எழுதிய கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்கள் எனச் சில அளவைகளைச் சேர்த்து ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். வாழ்நாள் பணிக்கு ஒரு பட்டியலும், குறிப்பிட்ட ஓராண்டில் கிடைத்த மேற்கோள்களுக்கு வேறொரு பட்டியலும் உண்டு. நம் செய்திகளில் எது என்று சொல்லப்படுவதே இல்லை. தம் கட்டுரையைத் தாமே மேற்கோள் காட்டிக்கொண்டது எத்தனை சதவீதம் என்பதற்கு அதிலேயே ஒரு கட்டம் இருக்கிறது. அண்மை ஆண்டுகளில், ஆய்விதழ்கள் திரும்பப் பெற்ற கட்டுரைகளின் விவரமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. தொகுத்தவர்களே எச்சரிக்கையாகக் கொடுத்திருக்கும் இந்தக் கட்டங்களைச் செய்தியாளர் பார்ப்பதில்லை, கல்லூரிகளும் எடுத்துக் காட்டுவதில்லை.

மருத்துவ ஆராய்ச்சியில் மேற்கோள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதற்குக் கல்கத்தாவின் சம்பு நாத் டேயின் பணியைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. ஹூக்ளி மாவட்டத்தில் 1915இல் பிறந்து, லண்டனில் நோயியலில் ஆய்வுப் பட்டம் பெற்று 1949இல் திரும்பி வந்த அவர், அரசு மருத்துவக் கல்லூரி ஆசிரியராக இருந்துகொண்டே காலராவை ஆராய்ந்தார். காலராக் கிருமியை ராபர்ட் கோக் 1884இல் அதே கல்கத்தாவில் உறுதிசெய்துவிட்டார் என்றாலும், அந்தக் கிருமி ஒரே நாளில் ஓர் ஆளை எப்படி வற்றச் செய்கிறது என்ற கேள்விக்கு அடுத்த 75 ஆண்டுகளுக்குச் சரியான விடை கிடைக்கவில்லை. கிருமி செத்துச் சிதையும்போது வெளிப்படும் நஞ்சு இரத்தத்தில் கலந்து உடல் முழுவதையும் தாக்குகிறது என்ற எண்ணமே ஓங்கியிருந்தது. ஆகவே ஆய்வாளர்கள் விலங்குகளின் இரத்தத்திலும் வயிற்றறையிலும் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். மனிதனுக்கு வரும் கழுநீர் போன்ற பேதி விலங்குக்கு வரவில்லை.

டே செய்தது எளிய காரியம், ஆனால் அதற்கு முன் இருந்த எண்ணத்தையே மாற்றிய காரியம். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இருபுறமும் நூலால் கட்டி, அந்த அடைபட்ட பகுதிக்குள் காலராக் கிருமியை ஊசி வழியே செலுத்தினார். மறுநாள் அந்தத் துண்டு மட்டும் நீர் கோத்துப் புடைத்திருந்தது. இந்த முறையை 1953இல் ஒரு சக ஆய்வாளருடன் சேர்ந்து வெளியிட்டார். பின்னர், கிருமிகளை முற்றாக வடிகட்டி நீக்கிய வெறும் வளர்ப்பு நீரைச் செலுத்தியபோதும் குடல் அவ்வாறே புடைத்தது. கிருமி உயிரோடிருக்கும்போதே குடலுக்குள் ஒரு நஞ்சை வெளியிடுகிறது, அது குடலிலேயே செயல்பட்டு நீரைச் சுரக்கச் செய்கிறது என்பது இதனால் நிலைநாட்டப்பட்டது. 1959இல் நேச்சர் இதழில் வந்த அந்தக் கட்டுரை ஓரிரு பக்கங்களுக்குமேல் இல்லை. அதே ஆண்டில் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தின் என். கே. தத்தாவும் அவர் குழுவினரும் முயல் குட்டிகளைக் கொண்டு இதையொத்த முடிவுக்கு வந்தார்கள் என்பதையும் நேர்மைக்காகச் சொல்ல வேண்டும். 

இவ்வளவு பெரிய முடிவைச் சொன்ன 1959 கட்டுரை தொடக்கத்தில் போதிய கவனம் பெறவில்லை. அமெரிக்காவில் ஃபிங்கெல்ஸ்டைனும் லோஸ்பலூட்டோவும் 1969இல் அந்த நஞ்சைத் தூய்மையாகப் பிரித்தெடுத்த பிறகு, அது குடல் செல்லுக்குள் என்ன செய்கிறது என்ற ஆராய்ச்சி உலகெங்கும் பெருகியது. அப்போதுதான் மூலத்தைத் தேடிப் பலரும் டேயின் கட்டுரைக்கு வந்தார்கள். டேயின் குடல்கட்டு முறையோ காலராவோடு நிற்காமல், 1956இல் அவரே ஈ. கோலை என்ற குடல் கிருமிக்குப் பயன்படுத்தியதில் தொடங்கி, மற்றப் பேதிக் கிருமிகளை ஆராய்ந்தவர்கள் கையிலும் பரவியது. ஆகவே அவரது 1959 கட்டுரைக்கான மேற்கோள் கண்டுபிடிப்பின் கணக்கு. 1953 கட்டுரைக்கான மேற்கோள் பெரும்பாலும் செய்முறையின் கணக்கு. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்கினால் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

உள்நாட்டில் அவருக்கு நேர்ந்ததுதான் வருத்தம் தருவது. 1973இல் அவர் ஓய்வு பெற்றார். நோபல் அறக்கட்டளை 1978இல் காலராவைப் பற்றி நடத்திய கருத்தரங்குக்கு அவரை அழைத்தது. 1960களின் தொடக்கத்திலிருந்தே தான் இறந்துபோனவனாக இருந்ததாக அங்கே அவர் குறிப்பிட்டார். நோபல் பரிசு பெற்ற ஜாஷுவா லெடர்பர்க் அவர் பெயரை அப்பரிசுக்கு ஒருமுறைக்கு மேல் பரிந்துரைத்தார். இந்திய அறிவியல் கழகங்கள் எதுவும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்காமலே 1985இல் டே காலமானார். அதற்கு மறு ஆண்டு, மேற்கோள் அட்டவணை என்ற ஏற்பாட்டையே உருவாக்கிய ஃபிலடெல்ஃபியாவின் யூஜின் கார்ஃபீல்டு, காலரா ஆராய்ச்சியின் மேற்கோள் வரைபடத்தை வரைந்து, அதில் டேயின் கட்டுரைகள் நிற்கும் இடத்தைக் காட்டி ஒரு கட்டுரை எழுதினார். கல்கத்தாவில் நடந்த ஆய்வின் மதிப்பை, அதுவும் ஆய்வாளர் மறைந்த பின், ஃபிலடெல்ஃபியாவிலிருந்து அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. மேற்கோள் அட்டவணையால் விளைந்த நன்மைக்கும் இதுவே சான்று என்பதால், எண்ணிக்கையை அறவே ஒதுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கார்ஃபீல்டு வெறும் எண்ணைச் சொல்லிவிட்டுப் போகவில்லை. யார், எதற்காக, எந்தக் கண்டுபிடிப்பைத் தொடர்ந்து மேற்கோள் காட்டினார்கள் என்று விளக்கினார்.

தமிழ்நாட்டுக்கு நெருக்கமான சான்று ஒன்றும் உண்டு. காசநோயாளியைச் சானடோரியம் எனப்படும் தனி மருத்துவமனையில் மாதக்கணக்கில் வைத்திருந்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், அதே மருந்துகளை ஓராண்டு வீட்டிலிருந்தே உட்கொண்டவர்களையும் சானடோரியத்தில் தங்கி உட்கொண்டவர்களையும் ஒப்பிட்டது. இரு பிரிவினருக்கும் கிடைத்த பலனில் பெரிய வேறுபாடு இல்லை; வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே இது திருப்பியது. 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த அந்த அறிக்கையில் ஆசிரியர் என்ற இடத்தில் மையத்தின் பெயர்தான் இருக்கிறது. வாலஸ் ஃபாக்ஸ் வழிநடத்திய அந்தக் குழுவில், சளி மாதிரிகளைச் சோதித்தவர்களும் வீடு வீடாகச் சென்று மாத்திரைகளை எண்ணிப் பார்த்தவர்களும் எந்த விஞ்ஞானிகள் பட்டியலிலும் இந்த அறிக்கையால் இடம்பெற வழியில்லை.

எண்ணிக்கை மிகுந்தும் பெருமை இல்லாத இடங்களும் உண்டு. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஆகியவற்றுக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்து ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் முதலானோர் 1998இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. அது பெற்ற மேற்கோள்களில் பெரும்பாலானவை அதை மறுத்து எழுதப்பட்டவை. அட்டவணையில் அவையும் மேற்கோள்களே. இன்னொரு பக்கம், அறிவியல் கட்டுரைகளிலேயே மிக அதிக மேற்கோள் பெற்றதாகக் கருதப்படும் ஆலிவர் லவ்ரியின் 1951ஆம் ஆண்டுக் கட்டுரை, புரதத்தை அளவிடும் ஒரு செய்முறையைச் சொல்வது. பயனுள்ள செய்முறைதான், எந்த நோயின் புதிரையும் அது அவிழ்த்ததில்லை.

ஆசிரியப் பணி உயர்வும் கல்லூரிகளின் தரவரிசையும் கட்டுரை எண்ணிக்கையோடு பிணைக்கப்பட்டுவிட்டபின், எண்ணைப் பெருக்கும் உத்திகளும் பெருகிவிட்டன. மாணவர்களைக் கூட்டமாகக் கட்டுரை எழுதவைத்து, தொடர்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தம் நிறுவனத்தின் கட்டுரைகளை அவற்றில் மேற்கோள் காட்டச் செய்வதை ஆய்விதழ் உலகம் பலமுறை எடுத்துக்காட்டிவிட்டது. உழைத்துப் பெயர் பெற்ற பேராசிரியரையும் இவ்வழியில் ஏறியவரையும் தங்கள் செய்தி ஒரே சால்வையால் போர்த்துவது, முன்னவருக்குச் செய்யும் அநீதி.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். இத்தகைய செய்தி வரும்போது, அது வாழ்நாள் பட்டியலா ஓராண்டுப் பட்டியலா என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். தன்மேற்கோள் சதவீதத்தையும் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் உண்டா என்பதையும் பட்டியலிலேயே பார்த்துக் குறிப்பிடலாம். அதற்குச் சில நிமிடங்களே ஆகும். அதிக மேற்கோள் பெற்ற அவருடைய ஒரு கட்டுரை எதைப் பற்றியது, அதனால் சிகிச்சையிலோ நோயறிதலிலோ எது மாறியது என்பதை அந்தப் பேராசிரியரையே எளிய தமிழில் சொல்லச் செய்து நான்கு வரி அச்சிடுங்கள். அதற்கு இடம் இல்லையென்றால் படத்தைச் சற்றுச் சிறிதாக்கிக்கொள்ளலாம். சேத்துப்பட்டு மையத்தின் 1959 அறிக்கையைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வெளியிட முன்வந்தால், பழைய ஆய்விதழ்களிலிருந்து வேண்டிய தகவல்களைத் திரட்டித் தர என்போன்ற ஓய்வுபெற்ற நூலகர்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவக் கல்லூரி நூலகர்,
தஞ்சாவூர்.