'அடுத்த சானியா' என்று தலைப்புப் போடுவதற்கு முன்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் இளம் டென்னிஸ் வீராங்கனை மாயா ராஜேஸ்வரன் ரேவதியைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எங்கள் கோயம்புத்தூர்ப் பெண், அதனால் சந்தோஷம் கொஞ்சம் கூடுதல்தான். 2025 பிப்ரவரியில் மும்பையில் நடந்த டபிள்யூடிஏ 125 போட்டியில் (டபிள்யூடிஏ என்பது பெண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் சங்கம், 125 அதன் போட்டிகளில் கீழ்ப்படி) தகுதிச்சுற்றிலிருந்து ஆடி வந்து, பதினைந்து வயதில் அரையிறுதி வரைக்கும் போய், அங்கே ஜில் டெய்க்மனிடம் தோற்றாள். அந்த வாரம் முழுக்க நானும் போனில் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் நீங்கள் "அடுத்த சானியா" என்று தலைப்புப் போட்டிருந்தீர்களே, அது எனக்குச் சரியாகப் படவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சானியா மிர்சா பதினெட்டு வயதில், 2005-இல், ஹைதராபாத்தில் டபிள்யூடிஏ பட்டம் வென்றார். 2007-இல் ஒற்றையர் தரவரிசையில் 27-ஆம் இடம் வரை ஏறினார். அப்படி ஒருவர் நமக்குக் கிடைத்தது பாக்கியம். ஆனால் டென்னிஸையே வாழ்க்கையாக எடுத்துக்கொள்கிற பெண்களில் பெரும்பாலோருக்கு ஆரம்ப வருடங்கள் அப்படி அமைவதில்லை, அந்த வருடங்களைப் பற்றி நம் பத்திரிகைகள் எதுவும் எழுதுவதுமில்லை. கிராண்ட்ஸ்லாம் வந்தால் பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள். 400-ஆம் இடத்தில் இருக்கிற நம் பெண் இந்த வாரம் எந்த ஊரில் ஆடினாள், ஜெயித்தாளா தோற்றாளா என்று ஒரு வரி கிடையாது.

அங்கிதா ரெய்னாவை எடுத்துக்கொள்ளுங்கள். அகமதாபாத்தில் சின்ன வயதிலேயே ஆட ஆரம்பித்தவர், பயிற்சிக்காக அம்மாவோடு புனேவுக்குக் குடிபெயர்ந்து, ஹேமந்த் பேந்த்ரேயிடம் பயிற்சி எடுத்தார். 2009 வாக்கில் தொழில்முறைப் போட்டிகளுக்குள் வந்தவர், ஒற்றையரில் முதல் இருநூறு பேருக்குள் நுழைந்தது 2018 ஏப்ரலில். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. அவருக்கு முன்னால் அந்த இடத்தைத் தொட்ட இந்தியப் பெண்கள் நாலே பேர்: நிருபமா வைத்தியநாதன், சானியா, ஷிகா உபராய், சுனிதா ராவ். அதே 2018-இல் நாடுகளுக்கு இடையிலான ஃபெட் கோப்பையில் கஜகஸ்தானின் யூலியா புதின்ட்சேவாவைத் தோற்கடித்தார், ஆசிய விளையாட்டில் ஒற்றையர் வெண்கலம் வாங்கினார், மறு வருஷம் சீனாவில் யுஎஸ் ஓப்பன் முன்னாள் சாம்பியன் சமந்தா ஸ்டோசரையும் வென்றார். அதன்பிறகுதான் நம்மில் பலருக்கு அவர் பெயரே தெரிய வந்தது. அதற்கு முந்தைய ஒன்பது வருஷத்தை அவர் எப்படி ஓட்டினார் என்று எந்தத் தமிழ்ப் பத்திரிகையிலும் நான் படித்ததில்லை.

2021-இல் நடந்ததைக் கேளுங்கள். கொரோனா காரணமாக ஆஸ்திரேலிய ஓப்பன் தகுதிச்சுற்றைத் துபாயில் நடத்தினார்கள். அங்கிதா கடைசிச் சுற்று வரை வந்து ஓல்கா டானிலோவிச்சிடம் தோற்றார். யாராவது விலகினால் இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் மெல்போர்ன் போய்க் காத்திருந்தார். ஒற்றையரில் கிடைக்கவில்லை. இரட்டையரில் ருமேனியாவின் மிஹேலா புஸார்னெஸ்குவோடு சேர்ந்து மெயின் டிராவில், அதாவது பிரதானச் சுற்றில், ஆடினார், அதே மாதம் பிலிப் ஐலண்ட் போட்டியில் கமிலா ரக்கிமோவாவோடு இரட்டையர் பட்டமும் வென்றார். தொழிலுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் கழித்துக் கிடைத்த முதல் டபிள்யூடிஏ பட்டம் அது.

இப்போது காசு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் நிற்கிறது. பெண்கள் டென்னிஸின் அடிப்படிக்கட்டு ஐடிஎஃப், அதாவது சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு, நடத்தும் டபிள்யூ 15 போட்டிகள். மொத்தப் பரிசுத்தொகையே 15,000 டாலர், அதை ஒற்றையர் இரட்டையர் ஆடுகிற எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். முதல் சுற்றில் தோற்றால் கையில் வருவது சுமார் 150 டாலர், அதிலும் வரி போகும். தரவரிசைப் புள்ளி ஒன்றுகூட வராது. கிராண்ட்ஸ்லாம் சாம்பியனுக்கு 2,000 புள்ளி என்றால் இங்கே சாம்பியனுக்கு 15. தரவரிசைப் பட்டியலில் பெயர் வருவதற்கே மூன்று போட்டிகளிலாவது புள்ளி எடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மொத்தம் பத்துப் புள்ளி சேர்ந்திருக்க வேண்டும். சரி, நம் ஊரிலேயே ஆடிச் சேர்க்கலாமே என்றால் இங்கே வருஷத்தில் சில வாரங்கள்தான் நடக்கிறது. வாரா வாரம் நடப்பது துனிசியாவின் மொனாஸ்டிர், எகிப்தின் ஷர்ம் எல் ஷேக், துருக்கியின் அன்டால்யா மாதிரி இடங்களில். எனவே விமான டிக்கெட், விசா, மூன்று நான்கு வாரத்துக்கு ஹோட்டல் அறை, சாப்பாடு, வாராவாரம் ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் மாற்றுகிற செலவு எல்லாம் கைக்காசு. பயிற்சியாளரைக் கூட்டிப்போவது என்ற பேச்சுக்கே இடமில்லை, பல பெண்கள் தனியாகவே போகிறார்கள்.

இது என் கற்பனைக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். 2013-ஆம் ஆண்டு நிலவரத்தை ஐடிஎஃப் தானே ஆராய்ந்து பார்த்தது. வரவும் செலவும் சரிக்குச் சரியாக வந்த பெண்கள் உலகம் முழுக்க 253 பேர்தானாம், அதுவும் பயிற்சியாளர் செலவைச் சேர்க்காமல்.

என் அண்ணன் மகள் சில வருஷம் இந்தப் போட்டிகளில் ஆடினாள், அதனால்தான் இவ்வளவு உள்விவரம் எனக்குத் தெரியும். ஒரு டபிள்யூ 15 தகுதிச்சுற்று ஆட்டத்துக்கு நானும் கூடப் போயிருந்தேன். மதிய வெயில். பந்து எடுத்துப் போட யாரும் கிடையாது, ஆடுகிற பெண்களே ஓடிப்போய் வேலியோரம் கிடக்கிற பந்தைப் பொறுக்கி வந்து சர்வீஸ் போட வேண்டும். பார்க்க இருந்தது அம்மாக்கள், இரண்டு பயிற்சியாளர்கள், அப்புறம் நான். அண்ணி ஐஸ் பெட்டியில் நனைத்த துண்டோடு வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தாள். முதல் செட்டை எடுத்த எங்கள் பெண்ணுக்கு இரண்டாவது செட் நடுவில் ஸ்ட்ரிங் அறுந்துவிட்டது, மாற்று ராக்கெட்டின் ஸ்ட்ரிங் பழசு, பந்து கோட்டுக்கு வெளியே பறக்க ஆரம்பித்தது. அந்தச் செட் போனது. மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் புள்ளி டைபிரேக், அதிலும் தோற்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அவளோ முகத்தைக் கழுவிக்கொண்டு, இரட்டையர் பதிவு முடிவதற்குள் ஒரு ஜோடி கிடைக்குமா என்று அங்கிருந்த பெண்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் பி.எஃப். பணத்தை எடுத்துத்தான் அந்தக் கடைசி வருஷத்தை ஓட்டினார். தரவரிசையில் பெயர் வராமலே அவள் நிறுத்திக்கொண்டாள், இப்போது குழந்தைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் ஆட்டத்தில் குறை இருந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்னும் இரண்டு வருஷம் ஆட வழி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

இன்னொரு விஷயம் மனதை அறுக்கிறது. தரவரிசையில் சுமார் 230-க்குள் வந்துவிட்டால் கிராண்ட்ஸ்லாம் தகுதிச்சுற்றில் ஆடலாம். 2025 ஆஸ்திரேலிய ஓப்பனில் தகுதிச்சுற்றின் முதல் ஆட்டத்திலேயே தோற்றவருக்கு 35,000 ஆஸ்திரேலிய டாலர். ஒரு டபிள்யூ 15 போட்டியின் மொத்தப் பரிசுத்தொகையை விட அது அதிகம்! 230-ஆம் இடத்துப் பெண்ணுக்கும் 280-ஆம் இடத்துப் பெண்ணுக்கும் ஆட்டத்தில் அவ்வளவு வித்தியாசம் கிடையாது, ஆனால் ஒருத்தி அடுத்த ஆறு மாதம் பயிற்சியாளரோடு பயணம் போவாள், மற்றவள் மறுபடி விலை குறைந்த டிக்கெட் தேடுவாள்.

இதற்கு மேல் வசவு வேறு. மைதானத்தில் ஆள் இருக்காது, ஆனால் அந்த ஆட்டத்தின் மேல் எங்கோ யாரோ பந்தயம் கட்டியிருப்பார்கள். தோற்றால் இன்ஸ்டாகிராமில் வந்து கெட்ட வார்த்தை, கொலை மிரட்டல். டபிள்யூடிஏவும் ஐடிஎஃப்பும் 2024-ஆம் ஆண்டுக்காக வெளியிட்ட அறிக்கையில் 458 பேருக்கு சுமார் 8,000 வசைப் பதிவுகள் வந்ததாகவும், அதில் 40 சதவீதம் பந்தயத்தில் பணம் விட்டவர்கள் போட்டது என்றும் சொல்லியிருந்தார்கள்.

மெதுவாக வருகிறவர்கள் வரவே மாட்டார்கள் என்றில்லை. 2025 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் சென்னை ஓப்பன் பட்டத்தை வென்ற இந்தோனேசியாவின் ஜானிஸ் ஜெனை உங்கள் வாசகர்கள் பலர் பார்த்திருப்பார்கள். அமெரிக்கக் கல்லூரியில் படித்து ஆடி முடித்துவிட்டு, 2024-இல்தான் முழுநேரமாக இறங்கி, இதே ஐடிஎஃப் சின்னப் போட்டிகளில் பட்டம் மேல் பட்டமாகச் சேர்த்து மேலே வந்தவர் அவர். 2025 யுஎஸ் ஓப்பனில் தகுதிச்சுற்று கடந்து, முதல் சுற்றில் வெரோனிகா குடெர்மெட்டோவாவை வீழ்த்தினார். அப்போது வயது இருபத்து மூன்று. பதினேழு வயதில் அவரை யாரும் "அடுத்த" யாரோ என்று எழுதியிருக்க மாட்டார்கள்.

மாயா விஷயத்துக்கு வந்தால், சின்ன வயதுப் பெண் ஒரு வருஷத்தில் இத்தனை தொழில்முறைப் போட்டிகள்தான் ஆடலாம் என்று டபிள்யூடிஏ விதியே இருக்கிறது, பதினைந்து வயதில் அடிப்படையில் பத்து. 1990-களில் ஜெனிஃபர் கப்ரியாட்டி மாதிரிச் சிறுமிகள் சீக்கிரமே நொறுங்கிப் போனதைப் பார்த்துக் கொண்டுவந்த விதி அது. விதி அவளுக்கு நேரம் கொடுக்கிறது, நாமும் கொடுக்கலாம். இதே கோவையில் பிறந்த நிருபமா 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் முதல் சுற்றை வென்றாரே, அவருடைய உச்சத் தரவரிசை 134. அந்த எண்ணுக்குப் பின்னால் எத்தனை வருஷ உழைப்பு என்று இந்தத் தலைமுறைக்குச் சொன்னாலே, மாயா நாளைக்கு 300-ஆம் இடத்தில் இரண்டு வருஷம் நின்றால் "என்ன ஆச்சு இவளுக்கு" என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆகவே என் கோரிக்கை சின்னது. விளையாட்டுப் பக்கத்தில் வாரம் ஒரு சிறு பெட்டி ஒதுக்குங்கள். இந்த வாரம் நம் பெண்கள் எந்தெந்த ஐடிஎஃப் போட்டியில் ஆடினார்கள், எந்தச் சுற்று வரை வந்தார்கள், யாரிடம் தோற்றார்கள், அவ்வளவு போதும். முடிவுகள் எல்லாம் ஐடிஎஃப் தளத்திலேயே கிடைக்கிறது. ஸ்பான்சர் தேடிப் போகிற அப்பா கையில் ஒரு பத்திரிகைத் துண்டாவது இருக்கும். அப்புறம் தமிழ்நாட்டில் எங்காவது டபிள்யூ 15, அதற்கு அடுத்த படியான டபிள்யூ 35 நடந்தால் தேதியையும் இடத்தையும் முன்கூட்டியே போடுங்கள். நான் பார்க்கப் போன இடத்தில் டிக்கெட்கூடக் கிடையாது, தெரிந்திருந்தால் எங்கள் தெருவிலிருந்தே பத்துப் பேர் வந்திருப்பார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
கோயம்புத்தூர்