மௌனப் படங்களைத் திரையிடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

திரைப்படக் காப்பகங்களை நடத்துகிறவர்களுக்கும், பழைய படங்களைத் தேடித் திரையிடும் சங்கத்தாருக்கும்,

வணக்கம்.

இந்திய சினிமாவின் முன்னோடி தாதாசாகேப் பால்கே எடுத்த மௌனப் படமான ‘ராஜா ஹரிச்சந்திரா’வில் இன்று மிஞ்சியிருக்கும் சுருள்களில் ஒரு காட்சி உண்டு. அரசி தாராமதி தோழிகளோடு தண்ணீரில் விளையாடிக்கொண்டிருக்க, அரசன் அவளைத் தேடி வருகிறான். ஈரச் சேலை ஒட்டிய உடம்போடு நிற்கிற அத்தனை பேரும் ஆண்கள். தோளையும் புஜத்தையும் பார்த்தாலே தெரிந்துவிடும். தாராமதியாக நடித்த அண்ணா சாலுங்கே, ஓர் உணவு விடுதியில் சமையல் வேலை பார்த்தவர். 1913இல் வந்த அந்தப் படத்துக்காகப் பால்கே எவ்வளவோ அலைந்தும் ஒரு பெண்கூடக் கிடைக்கவில்லை. பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் கேட்டபோது அவர்களும் மறுத்துவிட்டார்கள். சினிமாவில் முகம் காட்டுவதை ஊர் அவ்வளவு கேவலமாக நினைத்த காலம் அது.

இந்தக் காட்சிக்கு இன்று சிரிப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த விவரத்தை யாராவது அவர்களிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அதற்குத்தான் இந்த மடல்.

அதே ஆண்டு பால்கேயின் அடுத்த படத்தில் துர்காபாய் காமத்தும் அவர் மகள் கமலாபாயும் துணிந்து நடித்தார்கள். அப்புறம் ஆங்கிலோ-இந்திய, யூதப் பெண்கள் பலர் வந்தார்கள். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த ரூபி மையர்ஸ், ‘சுலோசனா’ என்ற பெயரில்தான் நட்சத்திரமானார்.

பி.கே. ரோசிக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த ஜே.சி. டேனியல் 1920களின் கடைசியில் எடுத்த ‘விகதகுமாரன்’தான் மலையாளத்தின் முதல் படம். அதில் நாயர் வீட்டுப் பெண்ணாக நடித்தவர் ரோசி. புலையர் சமூகத்தில் பிறந்து, காக்காரிசி என்ற நாட்டுப்புற நாடகத்தில் நடித்துப் பழகியவர். ஒரு தலித் பெண் நாயர் பெண்ணாகத் திரையில் தோன்றுவதை ஆதிக்கச் சாதியினரால் பொறுக்க முடியவில்லை. திருவனந்தபுரத்தில் திரையை நோக்கிக் கல் பறந்தது. அவருடைய குடிசையையும் கொளுத்தினார்கள். உயிர் தப்பி நாகர்கோவில் பக்கம் போனவர், ராஜம்மாள் என்ற பெயரில் கடைசிவரை வாழ்ந்து முடித்தார். அப்புறம் அவர் நடிக்கவே இல்லை. அந்தப் படமும் இன்று இல்லை. டேனியல் பெயரில் கேரள அரசு 1992 முதல் விருது கொடுக்கிறது. ரோசியின் பெயர் பொதுப்பேச்சுக்கு வரவே பல பத்தாண்டுகள் ஆயின.

இந்தியாவில் 1,300க்கும் மேற்பட்ட மௌனப் படங்கள் எடுக்கப்பட்டன. மிஞ்சியவை மிகவும் கொஞ்சம். அவற்றில் ஒரு காட்சியைக்கூட வெட்டச் சொல்லவில்லை, முழுசாகவே காட்டுங்கள். ஆனால் படம் ஓடும் முன் ஐந்து நிமிடம் பேசுங்கள். திரையில் வருகிறவர் யார், எங்கிருந்து வந்தார், எந்த வேடத்தை யாருக்குக் கொடுக்க மறுத்தார்கள் என்று சொல்லுங்கள். இயக்குநர் பெயரும் ஆண்டும் மட்டும் அச்சிட்ட குறிப்புத்தாள் போதாது.

தொலைந்த படங்களுக்கும் உங்கள் பட்டியலில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ‘விகதகுமாரன்’ பக்கத்தில் ரோசி நடித்த வேடத்தோடு, அவருக்கு என்ன நடந்தது என்பதையும் விடாமல் எழுதுங்கள்.

அன்புடன்,
பழைய படங்களை விடாமல் பார்க்கும் ஒரு ரசிகை