மூன்றாம் பருவப் புத்தகம்: அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். திண்டிவனத்தை ஒட்டிய ஓர் இருளர் பழங்குடிக் குடியிருப்பில் மாலை வகுப்பு எடுப்பவள் நான். 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் அரசின் மாலை வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். இன்றும் இந்தக் குடியிருப்பின் வேப்பமரத்தடியில்தான் இருக்கிறேன்.

என்னிடம் வரும் பையன் ஒருவன் நான்காம் வகுப்பு. பள்ளியில் 'மெல்லக் கற்போர்' பட்டியலில் முதல் பெயர் அவனுடையது. அந்தப் பட்டியலைப் பார்த்த வாரத்தில்தான், அறுப்பு முடிந்த கழனி வழியாக அவனோடு நடந்து வந்தேன். வரப்பில் நான்கு வளைகள். எனக்கு எல்லாம் ஓட்டை. அவன் குந்தி உட்கார்ந்து பார்த்தான். "யக்கா, இதுல நூலாம்படை கட்டியிருக்கு, உள்ள ஒண்ணும் இல்ல." அடுத்தது: "மண்ணு ஈரமா கெடக்குது பாரு, ராத்திரிதான் தள்ளியிருக்கு." மூன்றாவதன் வாயில் மண் வழவழவென்று இருந்தது. "பாம்பு இருக்கும், இதுல கை வெக்காத" என்று என்னைப் பின்னால் இழுத்தான். நான்காவது அந்த ஈர மண் வளையின் பின்வாசல். எலி தப்பி ஓட வைத்திருக்கும் வழி. முதலில் அதைக் கல்லால் அடைத்துவிட்டுத்தான் மறுபக்கம் தோண்டப் போனான்.

உற்றுநோக்கல் என்று அறிவியல் புத்தகத்தில் ஒரு சொல் போட்டிருக்கிறோமே, இதைத்தானே சொல்கிறோம்?

இந்த அறிவுக்கு உலகத்தில் மதிப்பு இல்லாமல் இல்லை. வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்து பாம்புக்கடி மருந்து தயாராகிறது. 2017இல் இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய், முதல் எட்டு நாளில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். அதில் ஒன்று 16 அடி. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. இதைச் சொல்வதால், இருளர் பிள்ளை என்றால் பாம்புதான் பிடிக்க வேண்டும் என்று நான் வாதாடுவதாக நினைக்க வேண்டாம். பாம்பைக் கண்டால் அலறி ஓடுகிற பிள்ளைகளும் என் வகுப்பில் உண்டு.

அப்படி அலறுகிற ஒருத்தி ஐந்தாம் வகுப்பு. அவள் அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் கல் அறுப்பவர்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. மேஸ்திரி எண்ணிச் சொல்வதைச் சரிபார்ப்பது இவள் வேலை. ஒருநாள் அவர் 1,100 என்றாராம். "வரிசைக்கு அம்பது, இருபத்து மூணு வரிசை, ஒடஞ்சது எட்டு. நாப்பத்திரண்டு கொறையுது" என்று இவள் நின்றிருக்கிறாள். திரும்ப எண்ணிவிட்டுத்தான் அவர் நோட்டில் திருத்தினாராம். கரும்பலகையில் 50 × 23 என்று நான் எழுதியபோது அதே பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்கு அவளைக் குறை சொல்லத்தான் எனக்கும் வாய் வந்தது, மறைக்கவில்லை.

ஏன் குனிந்தாள் என்று பிறகுதான் உறைத்தது. முன்பணம் வாங்கிய குடும்பங்களைச் சூளைக்கு ஏற்றிப் போகப் பொங்கலை ஒட்டி லாரி வரும். திரும்பி வருவது மழைக்கு முன்னால், ஜூன், ஜூலையில். ஒன்றாம் வகுப்பிலிருந்தே இதுதான் வழக்கம் என்றால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஜனவரியில் தொடங்கும் மூன்றாம் பருவத்தின் புத்தகத்தை இந்தப் பிள்ளை இதுவரை ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. ஒவ்வொரு வகுப்பின் கடைசி மூன்றிலொரு பங்கு அவளுக்குக் கிடையாது. அடுத்த வகுப்போ அந்தப் பங்கின் மேல்தான் ஏறி நிற்கிறது. இதைக் கற்கும் வேகம் என்று எழுதி வைத்தால் எப்படி? 'நீண்ட நாள் வராதவர்' என்றால் உண்மை. 'மெல்லக் கற்பவர்' என்பது தீர்ப்பு.

அந்த நீண்ட நாளுக்கும் ஒரு தண்டனை இருக்கிறது. எமிஸ் என்கிற கணினிப் பதிவேட்டில் பெயரை, எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களுக்கான 'காமன் பூல்' பட்டியலுக்குத் தள்ளிவிட்டால் ஜூலையில் வந்து நிற்கும் பிள்ளைக்கு முதல் வேலை தன் பெயரைத் தேடுவது. சூளைக்குப் பக்கத்துப் பள்ளிக்குப் போனால் "டிசி எங்கே?" என்கிறார்கள். டிசி தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. உங்களுக்குத் தெரியாததல்ல. வாசலில் நிற்கிற அம்மாவுக்குத்தான் அது தெரியாது.

சாதிச் சான்றிதழ் கதை தனி. பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அப்பனிடம் சான்றிதழ் இல்லாத வீட்டில் பிள்ளைக்கு வாங்குவது லேசான காரியம் இல்லை. ஒரு குடும்பத்தோடு ஓர் அலுவலகத்துக்கு நானும் போயிருந்தேன். அங்கே இருந்தவர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இருளன்னு சொல்றியே, பாம்பு பிடிப்பியா? எலி பிடிப்பியா?" என்று கேட்டார். அவர் கட்டட வேலைக்குப் போகிறவர், பதில் சொல்லத் தெரியாமல் நின்றார். வரப்புப் பையன்தான் என் நினைவுக்கு வந்தான். அவனுக்குத் தெரிந்ததற்குப் பள்ளியில் ஒரு மதிப்பெண் கிடையாது, இங்கே அதையே சாட்சியாகக் கேட்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து கல்லூரி விண்ணப்பத்தின்போது இந்த அலைச்சல் தொடங்கினால் அந்த ஆண்டே போய்விடுகிறது. முதல் வகுப்பில் சேர்க்கும் நாளிலேயே மனுவை எழுதிக் கொடுத்து அனுப்பும் தலைமை ஆசிரியர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் பள்ளியில் இந்தத் தொல்லை பாதிக்குப் பாதி இல்லை.

நீங்கள் சுமக்கும் வேலையும் தெரியும். இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு, இடையில் எமிஸ், பயிற்சி, கணக்கெடுப்பு. புதுத் திட்டம் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பட்டியலில் ஒரு பெயர் எழுதுமுன் வருகைப் பதிவேட்டை ஒருமுறை புரட்டுங்கள். சூளைக்குப் போன பிள்ளையின் பெயரை நீக்குமுன் என்னைப் போல் ஊரில் இருக்கிற யாருக்காவது ஒரு போன் செய்யுங்கள். ஜூலையில் வருகிறவர்களைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பாமல், விட்ட பாடத்துக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

இன்னொன்று சின்னது. அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போதுதான் மூன்றாம் பருவப் புத்தகம் கைக்குக் கிடைக்கிறது. அதற்குள் சில வீடுகள் கிளம்பிவிடுகின்றன. இந்த முறை புத்தகக் கட்டு வந்து இறங்கியதும் எங்கள் தெருவுக்கு 11 புத்தகம் தனியே எடுத்து வையுங்கள். எந்த வகுப்புக்கு எத்தனை என்று எழுதித் தருகிறேன். லாரி வருமுன் வாங்கிப் போக நானே வருகிறேன்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு அக்கா