புதுமைக்கு ஆறு மார்க்

மதுரை
ஞாயிறு இரவு

அன்புள்ள மாணிக்கம்,

உன் மூன்று வாட்ஸப் செய்திக்கும் கட்டைவிரலை மட்டும் அனுப்பிவிட்டுப் பதுங்கிக்கொண்டேன். திட்டுவதை மொத்தமாகத் திட்டிவிடு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணிக்கும் குறை சொல்கிறாள். சின்னவன் வேலை மாறிவிட்டான். வீட்டில் தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். சரி, விஷயம்.

நேற்று ஒரு பொறியியல் கல்லூரியில் என்னை நடுவராக உட்காரவைத்தார்கள். சிரிக்காதே. சால்வை உண்டு, முந்திரி உண்டு. “மென்பொருள் துறையில் 30 ஆண்டு அனுபவம்” என்று மைக்கில் சொன்னார்கள். நாம் அரிசி மில்லுக்குப் புரோகிராம் எழுதியதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

மேசைக்கணினிக்கு ஒரு புது மென்பொருள் யோசனை சொல்ல வேண்டும், அதுதான் போட்டி. செய்து காட்ட வேண்டியதில்லை. மொபைல் ஆப் கூடாது, இணையம் இல்லாமலும் ஓட வேண்டும். துறைத் தலைவர் நம் வயது ஆள், அதனால் வந்த வினை. “டெஸ்க்டாப்னா லேப்டாப்பும் சேருமா சார்?” என்று ஒரு பையன் நிஜமாகவே கேட்டான். 41 பேர், தலைக்கு 4 நிமிடம். புதுமை, சந்தை, செய்யக்கூடியதா, விளக்கிய விதம் என்று நாலு கட்டம், ஒவ்வொன்றுக்கும் 25.

முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடுவது மட்டும் ஒன்பது வந்தது. தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று திரையில் எட்டிப்பார்ப்பது நாலு. ஒரே மாதிரி இருக்கும் ஃபைல்களைத் தேடி அழிக்கும் மென்பொருள் சொன்ன பையனிடம், “வேண்டியதை அழித்துவிட்டால்?” என்று கேட்டேன். “நல்லா யோசிச்சு அழிக்கணும் சார்” என்றான். இன்னொருவன் கணக்கு, பாட்டு, படம், நாட்காட்டி, ஜாதகம் எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் போட்டுவிட்டான். அதற்கு விண்டோஸ் என்று பெயர் தம்பி என்று சொல்ல நாக்கு துடித்தது.

முதல் பரிசு ஒரு கிளி பொம்மை யோசனைக்கு. அந்தக் கிளி திரை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். நம் முகம் வாடினால் கண்டுபிடித்து ஆறுதல் சொல்லும். பையன் அருமையாகப் பேசினான், நானும் புதுமைக்கு 22 போட்டேன். திரும்பி வரும்போது, பஸ் திருமங்கலம் தாண்டிய பிறகுதான் உறைத்தது. ஆபீஸ் 97-ல் உதவி செய்கிறேன் என்று கண்ணை உருட்டிக்கொண்டு வந்து நம் உயிரை வாங்கியதே, அந்தக் காகித கிளிப்! 2007-ல் மைக்ரோசாஃப்டே அதைத் தூக்கிவிட்டது. பையனுக்கு அப்போது நடக்கும் வயதுகூட இருக்காது, அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கு என்ன வந்தது?

ஆனால் தூக்கத்தைக் கெடுத்தது கிளி இல்லை.

முப்பத்தி நாலாவதாக ஒரு பெண் வந்தாள். எங்களுக்கு அடுத்து சாப்பாடு. அவள் அப்பாவுக்கு விருதுநகர் பக்கம் டிடிபி கடை, கணினியில் தமிழ் அடித்து அச்சுக்கு வடிவமைத்துத் தரும் கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று 20 வருஷத்து வேலை மொத்தமும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில். “அண்ணன் பத்திரிகை உங்ககிட்டதான் அடிச்சோம், அதே மாதிரி தங்கச்சிக்கும் போடுங்க, வருஷம் ஞாபகமில்லை” என்று வருவார்களாம். உனக்குத் தெரியாததா? தாய்மாமன்கள் பெயர் வரிசையில் ஒன்று மேலே கீழே போனால் மண்டபத்திலேயே கைகலப்பு, பழைய பத்திரிகை கிடைத்தே ஆக வேண்டும். ஃபைல் பெயரோ கல்யாணம்1, கல்யாணம் புதுசு, கல்யாணம் கடைசி, கல்யாணம் கடைசி2. அப்பா ஒவ்வொன்றாக பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் திறந்து பார்க்கிறார். மாப்பிள்ளை பெயரைத் தமிழில் அடித்தால் அந்த ஃபைலைக் காட்டும் மென்பொருள் வேண்டும் என்றாள்.

அவள் முடிப்பதற்குள் என் மனசு முடிவு கட்டிவிட்டது. பழைய எழுத்துருவில் அடித்ததை, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றும் சமாச்சாரம், கன்வெர்ட்டர்தான் ஏற்கெனவே ஏகப்பட்டது கிடக்கிறதே. புதுமைக்கு 6. பக்கத்து நடுவர் “இதுக்கு சந்தை எவ்வளவும்மா?” என்று கேட்டார். அவள், “எங்க தெருவிலேயே நாலு கடை இருக்கு சார்” என்றாள். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், மாணிக்கம்.

அவள் கடைசியில் அவசரமாக ஒன்று சொன்னாள். பஸ்ஸில்தான் அது காதில் விழுந்தது. “ஃபைலை மாத்தவே வேண்டாம் சார். தேடுற பேரை ஒவ்வொரு ஃபான்ட்டுக்கும் மாத்தி, அதைத் தேடினா போதும்.”

யோசித்துப் பார். பழைய எழுத்துரு ஒவ்வொன்றும் தமிழ் எழுத்தை ஆங்கில விசைகளுக்குள் அதனதன் விதமாக ஒளித்துவைக்கும். பாமினி என்ற எழுத்துருவில் அம்மா என்பது கணினிக்கு எம், கே, செமிகோலன், கே, ஹெச். ஆயிரக்கணக்கான ஃபைலில் எது எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து எல்லாவற்றையும் யூனிகோடாக்கப் போனால், கொ ஒன்றே உயிரை எடுக்கும். நாம் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடித்தோம். யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி பின்னால். இவள் அந்தப் பக்கமே போகவில்லை. முருகேசன் என்ற ஒரு சொல்லை மட்டும் பாமினிக்கு ஒரு மாதிரி, டாமுக்கு ஒரு மாதிரி, வானவில்லுக்கு ஒரு மாதிரி எழுதிக்கொண்டு அந்த எழுத்து வரிசையை டிஸ்க் முழுக்கத் தேடுகிறாள். 1999-ல் டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளை அரசாங்கம் தரப்படுத்தியது, 2010-ல் யூனிகோடு என்றது. கடைக்காரர்கள் இரண்டையும் பேப்பரில் படித்ததோடு சரி. இருக்கிற குப்பை இருக்கிறபடியே கிடக்கட்டும், அதற்குள் தேடுவோம் என்று இந்த 20 வயசுப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது. நம் இருவருக்கும் பத்து வருஷம் அதே மாதிரி கடை நடத்தியும் தோன்றவில்லை.

டான் பிரிக்ளின் கதையை நீதான் எனக்குச் சொன்னாய். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் கரும்பலகையில் ஒரு கட்டத்து எண் மாறினால் மற்ற கட்டங்களையும் அழித்து அழித்து எழுத வேண்டியிருந்த தொல்லையிலிருந்துதானே விசிகால்க் என்ற கட்டக் கணக்கு மென்பொருள் பிறந்தது? 1979-ல் அது வந்த பிறகு, அதற்காகவே ஆப்பிள் 2 கணினி வாங்கினார்கள். அந்த மனுஷன் நேற்று எங்கள் மூவர் முன்னால் சாப்பாட்டு நேரத்தில் நின்றிருந்தால், “கணக்குப் போடத்தான் கால்குலேட்டர் இருக்கேப்பா” என்று நானே 6 போட்டிருப்பேன். நம் அரிசி மில் புரோகிராமைப் பார்த்து “இதுக்கு நோட்டு போதாதா?” என்று கேட்டவர்மேல் உள்ள ஆத்திரத்தில் நீ டீ கிளாஸை உடைத்தாய். காசு நான் கொடுத்தேன். நேற்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான்.

இன்று காலை துறைத் தலைவரைக் கூப்பிட்டேன். மார்க்கை மாற்ற முடியாது, காசோலை கிளி கைக்குப் போய்விட்டது. அந்தப் பெண்ணிடம் பேச வேண்டும் என்றேன். சாயங்காலம் அவளே அப்பா போனிலிருந்து அழைத்தாள். நான் மன்னிப்பு மாதிரி ஏதோ உளறினேன். அவள் அதைக் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை. பேஜ்மேக்கர் ஃபைலை பைட் பைட்டாகப் படித்துப் பார்த்தாளாம், பாதியில் எழுத்து தெரிகிறதாம், சில ஃபைலில் துண்டு துண்டாக விழுகிறதாம். ஏன் சார் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். செவ்வாய்க்கிழமை கடைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அதற்குத்தான் இந்தக் கடிதம். அவர்கள் கடையில் மிகப் பழைய ஃபைல்கள் ஒரு எழுத்துருவில் இருக்கின்றன, எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற பட்டியல் அதற்கு எங்கும் கிடைக்கவில்லை. பெயரைச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1997-ல் நாம் டவுன்ஹால் ரோட்டில் ஃபிளாப்பியில் வாங்கினோமே, ஷிஃப்ட்டோடு ழ வருமே, அதேதான். நீ அதற்குப் பச்சை மையில் பட்டியல் எழுதி டைரியில் ஒட்டிவைத்திருந்தாய். பரணில் ஏறு. முதுகு வலி என்று சொல்லாதே, போன மாதம் சபரிமலை ஏறின ஆள் நீ.

கிடைத்தால் திங்கள் ராத்திரிக்குள் படம் எடுத்து அனுப்பு. வெளிச்சம் பார்த்து எடு. போன தடவை நீ அனுப்பிய ரேஷன் கார்டு படத்தில் பாதிக்கு உன் கட்டைவிரல்தான் இருந்தது.

உன்,
ரவி