கம்பியில் தொங்கும் கணக்கு

சுங்கை சிப்புட்,
பேராக், மலேசியா.

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். சாயங்காலமானால் மழை பிடித்துக்கொள்கிறது. செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் மதியத்துக்குள் வேலையை முடித்துவிடப் பார்க்கிறார்கள். தமிழ்ப்பள்ளித் திடல் சேறாகக் கிடக்கிறது. உங்கள் பக்கம் எப்படி?

கபடிப் பையன்களைக் கம்பியில் தொங்கவிட்டுப் பிடியை அளக்க ஆரம்பித்திருக்கிறாய், ரொம்ப சந்தோஷம். ஆனால் ஜிம்மில் 70 விநாடி தொங்கியவனையும் திடலில் 45 விநாடி தொங்கியவனையும் ஒரே பட்டியலில் எழுதியிருக்கிறாயே, அதை அடித்துவிடு. கம்பி மாறினால் கணக்கே மாறிவிடும்.

திடலில் நட்டிருப்பது ‘ஒரு இஞ்சு’ தண்ணீர்க் குழாய் என்கிறாய். கடையில் அப்படிச் சொன்னாலும் அதன் வெளிவிட்டம் 33.7 மில்லிமீட்டர். சின்னக் கைக்கு அது தடிமன். கட்டைவிரல் மற்ற விரல்கள் மேல் ஏறிப் பூட்டாது, விரல்கள் பாதி விரிந்தபடியே இழுபடும், பிடி சீக்கிரம் விட்டுப்போகும். சரி, முக்கால் இஞ்சு போடலாமே என்றால், அது 26.9 மில்லிமீட்டர், கைக்கு நன்றாக அடங்கும், ஆனால் 120 செண்டிமீட்டர் தள்ளி நிற்கும் இரண்டு தூண்களுக்கு நடுவே மாட்டி, கனமானவன் ஒருவன் ஆடினால் வளைந்துவிடும். அதனால் உள்ளே கூடில்லாத 28 மில்லிமீட்டர் உருண்டை இரும்புக் கம்பி வாங்கு. ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிகளில் ஆண்களுக்கான கம்பியும் இதே தடிமன்தான். 120 செண்டிமீட்டர் துண்டு ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். கட்டடத்துக்குப் போடும் வரிக்கம்பி வேண்டாம், உள்ளங்கையைக் கிழித்துவிடும். பெயிண்டும் அடிக்காதே, வியர்வை பட்டதும் வழுக்கும்.

இரண்டு முனையையும் வெல்டிங் வைத்து இறுக்கிவிடு. இதில் மட்டும் அசட்டையாக இருக்காதே. கம்பி கொஞ்சம் உருண்டாலும் அதோடு சேர்ந்து விரலும் பிரியும். பொருட்காட்சியில் ‘100 விநாடி தொங்கினால் பரிசு’ என்று கூப்பிடுகிறார்களே, அங்கே பெரும்பாலும் உருளும் கம்பிதான். பலசாலிகளும் விழுவது அதனால்தான். உயரம், குழுவிலேயே நெட்டையானவன் கையைத் தூக்கி நின்றால் விரல் நுனி எட்டும் இடத்துக்கு மேல் 20 செண்டிமீட்டர். தொங்கும்போது உடம்பு நீளும், கால் தரையில் படக்கூடாது.

இனி அளக்கும் முறை. பெஞ்சில் ஏறிப் பிடிக்கட்டும், குதித்துப் பிடித்தால் ஆட்டம் வந்துவிடும். புறங்கை முகத்தைப் பார்க்க, தோள் அகலத்தில், கட்டைவிரலைக் கம்பியைச் சுற்றிப் போட்டுப் பிடிக்கவேண்டும். கம்பி உள்ளங்கை நடுவில் வேண்டாம், விரல்கள் தொடங்கும் இடத்தில் இருக்கட்டும். நடுவில் பிடித்தால் தோல் மடிந்து, காய்ப்பு இருக்கும் இடத்தில் உரியும். கால் பெஞ்சை விட்ட நொடியில் கடிகாரத்தை அழுத்து. முழங்கை நேராக இருக்கவேண்டும், மூச்சை அடக்கக்கூடாது. ஒரு கை விட்டாலும், பிடியை மாற்றினாலும், கால் எதையாவது தொட்டாலும் அங்கேயே நிறுத்து. ஒரு கையை உதறிவிட்டு மறுபடி பிடிப்பதை அனுமதிக்காதே. அந்த உதறலில் ரத்தம் உள்ளே ஓடி, கை திரும்பப் பிழைத்துக்கொள்ளும்.

காரணம் இதுதான்: விரலை மடக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. விடாமல் இறுக்கினால் அவை தங்கள் ரத்தக் குழாய்களையே நெரிக்கும். ஆக்சிஜன் போதாது, கழிவும் வெளியேறாது. எரிச்சல் அதிலிருந்துதான் வருகிறது. மனம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் கடைசியில் விரல் தானாகத் திறந்துகொள்ளும். முகத்தைப் பார்க்காதே, கையைப் பார். கணுக்கள் வெளுக்கும், கம்பி விரலடியிலிருந்து மெல்ல நடுக்கணுவுக்கு இறங்கும், பெரும்பாலும் சுண்டுவிரல்தான் முதலில் தளரும். அந்த நேரத்தில் பக்கத்தில் நில், கால் மடங்கி விழாமல் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறை அளந்தால் போதும். களைத்த முன்கை ஐந்து நிமிடத்தில் முழுசாகத் தேறாது. குலை வெட்டிவிட்டு வந்தவனை அன்றைக்கு அளப்பதில் பயனே இல்லை. மழை ஈரத்தைத் துடைத்துவிடு. கை வழுக்காமலிருக்க மக்னீசியம் கார்பனேட் பொடி போடுவதானால் எல்லாருக்கும் எப்போதும் போடு, இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம். முகத்துக்குப் போடும் பவுடர் ஆகவே ஆகாது, வழுக்கும்.

55 கிலோ பையன் 60 விநாடி தொங்குவதும் 85 கிலோ ஆள் 60 விநாடி தொங்குவதும் ஒன்றல்ல. அதனால் நேரத்துக்குப் பக்கத்தில் எடையையும் எழுது. புதியவனுக்கு 30 விநாடி நல்ல ஆரம்பம், 60 வந்தால் பிடி உறுதி என்பேன். ஆனால் அவனவன் போன மாதக் கணக்கோடு ஒப்பிடுவதுதான் நியாயம். கபடிக்கு இது பாதி அளவுகோல் மட்டுமே. கணுக்காலைப் பிடிக்க இரண்டு மூன்று விநாடி முழு வலு வேண்டும், தொங்குவது அதை அளக்காது. அதற்கு, கையால் இறுக்கி வலுவை அளக்கும் கைப்பிடி அழுத்தமானி என்ற கருவி இருக்கிறது.

தோள் ஒருமுறை விலகியவனையும் ரத்த அழுத்தம் உள்ளவனையும் தொங்கவிடாதே. விரல் மரத்தாலோ தோளில் குத்தினாலோ உடனே இறக்கிவிடு.

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்கு வருவாயல்லவா? பையன்களின் எடை, நேரம் இரண்டையும் எழுதி எடுத்து வா, உட்கார்ந்து பார்ப்போம். அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்