ஓவியப் போட்டி வேண்டாம், வாராவாரம் வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 14 நெருங்கினால் குழந்தைகள் இல்லங்களுக்குத் தன்னார்வலர்கள் திரளாக வருகிறார்கள். ஓவியப் போட்டி, மூன்று பரிசு, கேக், குழுப்படம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதில் மிஞ்சுவது பரிசு கிடைக்காத ஏமாற்றம்தான். பெற்றோரை இழந்தோ வன்முறைக்குத் தப்பியோ வந்த பிள்ளைக்கு வரைவது உண்மையிலேயே ஆறுதல் தரும். அதற்கு அதே முகங்கள், அதே கிழமையில், அதே நேரத்துக்கு வர வேண்டும். மூன்று மாதமாவது வர இயலாதவர்கள் பொருள் வாங்கிக் கொடுத்தாலே பேருதவி.

எட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு பேர், ஒரு மணி நேரம். பெரியவர் ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு தனித்திருக்கவே கூடாது. சார்ட் தாளை நான்காக வெட்டிக்கொள்ளுங்கள். வாட்டர் கலர் தொடக்கத்தில் வேண்டாம். தண்ணீர் கூடி நிறம் ஓடிவிட்டால், 'எனக்கு எதுவும் வராது' என்றிருக்கும் பிள்ளை தாளைக் கசக்கிவிட்டு எழுந்துவிடும். மெழுகு கிரேயான் கைக்கு அடங்கும். ஒட்டுவதற்கு மைதாப் பசை காய்ச்சிக்கொள்ளுங்கள். நெடியடிக்கும் பசை, ஒயிட்னர் போன்றவற்றை முகர்ந்து பழகிய பிள்ளைகள் அங்கே இருக்கக்கூடும். கத்தரிக்கோலை எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்குங்கள்.

எங்களைக் கேட்டால் களிமண்தான் முதலிடம். குயவரிடம் பிசைந்த மண்ணாகவே வாங்கலாம், தலைக்கு அரைக் கிலோ. விரலில் ஒட்டினால் ஈரம் அதிகம். செய்தித்தாளில் உருட்டி ஈரத்தை இழுக்க விடுங்கள். வளைக்கும்போது வெடித்தால் தண்ணீர் தொட்டுப் பிசையுங்கள். மீந்ததை ஈரத்துணியில் சுற்றிப் பாலித்தீன் பையில் இறுகக் கட்டினால் அடுத்த வாரத்துக்கு ஆகும். வாயே திறக்காத பிள்ளை மண்ணை ஓங்கிக் குத்தும், பிய்க்கும், மறுபடி உருட்டும். தடுக்காதீர்கள். மண்ணில் எதுவும் கெட்டுப்போவதில்லை.

பலகையில் மாதிரி வரைந்தால் எல்லாத் தாளிலும் இரண்டு மலையும் நடுவே சூரியனும்தான் வரும். 'இது என்ன?' என்று கேட்காமல், 'இதைப் பத்திச் சொல்றியா?' என்று கேளுங்கள், சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். கறுப்பு அடித்தால் சோகம் என்று குறி சொல்ல வேண்டாம், அருகில் கிடந்தது கறுப்பாக இருந்திருக்கலாம். ஆனால் தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைப் பிள்ளை சொன்னால், துருவிக் கேட்காதீர்கள், ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கேட்டவரின் கடமை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐயும் அழைக்கலாம்.

விடைபெறும் நாளை மூன்று வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நின்றுபோகிறவர்கள், ஏற்கெனவே கைவிடப்பட்ட பிள்ளையை இன்னொரு முறை கைவிடுகிறார்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74, பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகளின் பெயர், படம், பள்ளி ஆகியவற்றை ஊடகங்கள் வெளியிடத் தடை விதிக்கிறது. வரும் குழந்தைகள் தினச் செய்திகளில் அந்தப் பிள்ளைகளின் முகங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஓவியத்தை வெளியிடுவதானால் பிள்ளையிடமும் இல்லத்திடமும் கேட்டு, மூலையில் எழுதியிருக்கும் பெயரை மறைத்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் இல்லங்களில் கலைப்பணி செய்யும் தன்னார்வலர்கள்,
மதுரை.